முதுகு காட்டி நின்ற ஆட்டம்

மகனே,

உன் அம்மான் நேற்றுப் பின்னேரம் வந்தான். வந்தவன் வெற்றிலையை மடித்துக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு வயலைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான், நான் கேட்காத எல்லாவற்றையும் பற்றிப் பேசினான். உன் அம்மாவின் தம்பி ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான் என்றால், அந்த விஷயம் எனக்குப் பிடிக்காதது, அவனுக்குப் பிடித்தது என்று அர்த்தம். "சொல்ல வந்ததைச் சொல்லு" என்று அதட்டினேன். "அத்தான், கோவிக்கப்படாது. போன கிழமை கொழும்புக்குப் போன நேரம் உங்கட பொடியன் சொன்னவன். மாப்பிள்ளைத் தோணியில அவனுக்கு முன்னால நான் இருந்து கூட்டிப் போகட்டாம். அப்பா அண்டைக்கு விளையாட்டில எனக்கு முதுகைக் காட்டினவர்தானே, இப்ப என்னத்துக்கு வந்து முன்னுக்கு இருக்கப்போறார் எண்டு கேட்டான்" என்றான். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்ப எழும்பிப் போனவன் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் தகப்பனுக்கு என்ன இருக்கிறது என்று நீயே யோசித்துப் பார். குடி என்கிற வம்சம் உனக்கு அம்மா வழியில் வந்தது. கோயில் உரிமை அம்மான் வழியில் வந்தது. கலியாணம் முடிந்தால் நீ இருக்கப்போவது களுதாவளையில் உன் பெண்சாதியின் வீட்டில், பிறக்கிற பிள்ளைகளும் அவளுடைய குடி. இந்தத் தகப்பனுக்கென்று மிச்சம் இருப்பது தோணி முனையில் ஒரு பலகை. மாப்பிள்ளை வாவியைக் கடந்து போகிறபோது, அந்தப் பலகையில் இருந்து பெண் வீட்டுக் கரையைப் பார்த்தபடி தகப்பன் கூட்டிக்கொண்டு போவான். அதைத்தான் நீ அம்மானுக்குக் கொடுத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த செம்பை முற்றத்தில் எறிந்தேன். உன் அம்மா அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, நெளிந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். கோபம் ஆறின பிறகுதான் மற்றது விளங்கியது. மூன்று வருஷமாக நீ வீட்டுக்கு வந்தால் ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை, என்னோடு பேசினால் சுவரைப் பார்த்துப் பேசுவாய். எல்லாம் அந்த விளையாட்டில் ஊர் உன்னைப் பாடின பாட்டுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். என் முதுகுக்காக என்று நேற்றுத்தான் எனக்குத் தெரியும்.

அதனால் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நான் கத்துவேன், நீ எழும்பிப் போவாய். கடிதத்தில் கத்த வழியில்லை. நீ பாதியில் எழும்பிப் போனாலும் திரும்பி வந்து மிச்சத்தை வாசிக்கலாம்.

உன்னை மட்டக்களப்புப் பட்டணத்துக் கல்லூரியில் போர்டிங்கில் விட்டது உன் அம்மாவின் பிடிவாதம். மாதம் ஒருதரம் தயிர்ப்பானையோடு உன்னைப் பார்க்க வருவேன். மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவையில் வாவியைக் கடந்து, காத்தான்குடியில் எனக்குத் தமையன் போன்ற மீராலெப்பைக் காக்காவின் புடவைக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து, அங்கிருந்து அவருடைய ஒற்றை மாட்டுக் கரத்தையில் பட்டணம் போய்ச் சேருவோம். அப்படி வந்த ஒரு நாள்தான் அந்த விளையாட்டைக் கண்டேன். இப்போது கூடைப்பந்து என்று எழுதுகிறார்கள், அப்போது எங்களுக்கு அது பாஸ்கற்போல். உலக யுத்தக் காலம். முகாமில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர் ஒரு பக்கம், நம்முடைய பொடியன்கள் மறுபக்கம். "என்ன காக்கா இது, அடியில்லாத கூடைக்குள்ள போட்டா கீழதானே விழும்?" என்று கேட்டேன். வயல் உள்ளவன் என்று என்னைப் போடியார் என்றே கூப்பிடுகிறவர் அவர். "விழத்தானே போடுறாங்க போடியார். பேசாமப் பாருங்க" என்றார். பேசாமல் பார்க்கிற ஆளா நான்? கட்டையான பொடியன் ஒருவன் பனை உயரப் பட்டாளத்துக்காரனின் கக்கத்துக்குக் கீழால் புகுந்து பந்தைப் போட்டான். பார்த்தால் நான் வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க வருகிறேன் என்பதெல்லாம் வெறும் சாட்டு. நீ அணியில் சேருவதற்கு முன்பே நான் அந்த வாங்கில் சேர்ந்துவிட்டேன். நம்முடைய மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. அறுவடைக் காலத்தில் வயல் வட்டையில் ஆட்களை நிறுத்திவிட்டு, அவர்கள் பின்னால் திட்டுவது காதில் விழ விழத் துறைக்கு நடந்திருக்கிறேன்.

இனிக் கொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது விளங்காமல் மற்றது விளங்காது. நம்முடைய ஊரில் கடைசியாகக் கொம்பு முறித்த வருஷம் நீ தொட்டிலில் கிடந்தாய். மழை இல்லை, அம்மை நோய் வேறு. கண்ணகை அம்மனுக்குக் கொம்பு முறித்தால்தான் ஊர் குளிரும் என்று தீர்மானித்தார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, இரண்டு சேரியும் கயிறு பிடித்து இழுக்கும். கொம்பு முறிந்தவன் தோற்றான், வென்றவன் அவனைப் பாட்டாலேயே நாறடிப்பான். தகப்பன் சேரி பிள்ளைக்கு, ஆகவே நீயும் நானும் தென்சேரி. உன் அம்மாவும் அம்மானும் வடசேரி. கொம்பு முடியும்வரை உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டில் போய் இருந்தாள். என் மூக்கைப் பற்றியும் நான் சோறு தின்கிற அளவைப் பற்றியும் வடசேரி பாடின பாட்டெல்லாம் அவள் கட்டிக்கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. வேறு யாருக்கு அவ்வளவு விபரம் தெரியும்? எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து, உலையை வைத்துவிட்டு, "என்ன, இப்பிடி மெலிஞ்சு போனீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மனத்தில் கிடப்பதைத் தொண்டை கிழியப் பாடி அன்றோடு முடித்துவிடுகிற வேலை அது. களுதாவளையில் நீ பிடிக்கப்போகிற சண்டைகளும் அப்படியே இருக்கட்டும்.

தென்சேரிக்குப் பாட்டு எடுத்துக் கொடுத்தவன் நான். பாட்டுக்காரன் எங்கே நிற்பான் என்று நீ கண்டதில்லை. கொம்புக்கும் தன் ஆட்களுக்கும் நடுவில், கொம்புக்கு முதுகைக் காட்டி, ஆட்களைப் பார்த்து நிற்பான். அவன் கையை வீசினால் பாட்டு எழும்பும், உள்ளங்கையை உயர்த்தினால் அடங்கும். அவன் திரும்பிக் கொம்பைப் பார்த்தானோ, அவனுடைய ஆட்கள் அவன் கையை விட்டுப் போய்விடுவார்கள். பிறகு பாட்டு இருக்காது, அடிதடிதான் இருக்கும். அதனால் கொம்பு முறிவதை அவன் காணமாட்டான். சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான்.

இந்தப் பாட்டை நான்தான் கல்லூரி மைதானத்துக்குக் கொண்டு வந்தேன். எந்த வெளியூர் அணி வந்தாலும் ஒரு அடி எடுத்துக் கொடுப்பேன், மைதானம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் இருந்து வந்த பாதிரிச் சுவாமி, அவர்தான் உங்களைப் பழக்கியவர், விசில் ஊதுவதும் அவர்தான், முதலில் தானும் சேர்ந்து கை தட்டினார். பிறகு எந்தப் புண்ணியவானோ அவருக்குப் பாட்டின் கருத்தைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவருக்கு ஒரு கண் பந்தில், ஒரு கண் என்னில். நீ நம்முடைய அணியில் விளையாடிய காலத்தில் உனக்கு என் குரல் வெட்கமாக இருக்கவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குப் பக்கம் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாய், நான் பாட்டை எடுப்பேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நேரம் எனக்குக் குறைவு.

பிறகு விஞ்ஞானம் படிக்கக் கொழும்புக்குப் போக வேண்டும் என்றாய். போ என்றேன். அங்கே உள்ள கல்லூரி உன்னை அணியில் சேர்த்தது என்று எழுதினாய், ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்த அணியே மட்டக்களப்புக்கு விளையாட வருகிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆட்டத்தன்று காத்தான்குடியில் காக்காவின் கடைக்குள் கால் வைக்கும்போதே ஒரு புதுப் பாட்டு. "எருமைத் தயிர் திண்ட கை பாண் துண்டுக்குப் போனதென்ன?" பாடிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். கொழும்பு ரொட்டிக்குப் போன கை யாருடையது என்று நான் கேட்கவில்லை. காக்கா கரத்தையில் மாட்டைப் பூட்டிக்கொண்டே, "போடியார், இண்டைக்கு ஒங்கட தொண்டை எந்தப் பக்கம்?" என்றார்.

"என்ட தொண்டை எப்பவும் அந்த வாங்கிலதான் காக்கா. ஆனா அவனைப் பாட எனக்கு ஒண்ணா. தகப்பன் மகனைப் பாடுற முறை கொம்பில இல்ல."

"அது ஒங்களுக்குத் தெரியும். அங்க நிக்கிற சனத்துக்குத் தெரியணுமே."

உன் அம்மா கரத்தையின் பின்பக்கத்தில் தயிர்ப்பானையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் வராதவள். நாங்கள் பேசினது அவளுக்குக் கேட்டிருக்கும்.

மற்றவனுடைய நிறத்துச் சட்டையோடு நீ மைதானத்துக்குள் வந்தபோது எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "எடுங்க போடியார், எடுங்க!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர்களே எடுத்தார்கள். உனக்குக் கிடைத்த முதல் தனி எறிதலிலேயே அந்தத் தயிர்ப் பாட்டு எழும்பியது, பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது, மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ வாங்குப் பக்கம் பார்த்தாய். நான் பாடவில்லை, மகனே. சுற்றி நின்ற எல்லோருடைய வாயும் திறந்திருந்தபோது என் வாய் மூடியிருந்ததை அவ்வளவு தூரத்தில் இருந்து நீ கண்டிருக்க முடியாது.

உங்கள் தலைவன் சுவாமியிடம் போய் முறைப்பட்டான். இப்படியென்றால் நாங்கள் விளையாடமாட்டோம் என்று பெட்டியைக்கூடத் தூக்கிவிட்டான். சுவாமி விசிலை ஊதிவிட்டு நேரே என்னிடம் வந்தார். அவர் படித்துப் பழகின தமிழில், ஒவ்வொரு சொல்லாக, "போடியார், இது நீங்கள் கொண்டு வந்த பாட்டு. நீங்களே இதை நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு பாட்டு நான் கேட்டால் ஆட்டம் முடிந்தது. வெற்றி அவர்களுக்கு" என்றார். நம்முடைய பொடியன்களின் முகத்தைப் பார்த்தேன். அந்த மைதானத்தில் அதுவரை தோற்காதவர்கள். சனமோ பாட்டை வாய்க்குள் வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஆட்டத்தை நான் ஆட்டமாகப் பார்க்கவில்லை. பந்து யாருடைய கைக்குப் போனாலும் நான் சனத்தின் வாயையே பார்த்தேன்.

வாவிக்கு அப்பால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று காக்கா இரண்டு தரம் எழும்பினார், இரண்டு தரமும் இருந்துவிட்டார். நாம் ஒரு புள்ளி முன்னால். உனக்குத் தெரியும். நீ பந்தோடு கூடைக்குப் பாய்ந்தாய், நம்முடைய பொடியன் உன் கையைப் பிடித்து இழுத்தான், விசில். நேரம் முடிந்துவிட்டது, உன்னுடைய இரண்டு எறிதல் மட்டும் மிச்சம். அடுத்த நொடி சனம் முழுக்கக் கூடைக்குப் பின்னால் ஓடியது. எதற்கு ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பாடப் போகிறார்கள். பாடினால் ஆட்டம் போச்சு. அதோடு நிற்காது என்றும் தெரியும், முன்னால் நின்ற ஒருவன் குனிந்து பரல் கல்லை அள்ளுவதைக் கண்டேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். கூடைக்கும் சனத்துக்கும் நடுவில் போய் நின்றேன். நின்று, சனத்தைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினேன்.

அதுதான் நீ கண்ட முதுகு. எனக்கு முன்னால் நின்றவர்களின் கண்ணை நான் கண்ணால் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லை அள்ளினவனைத்தான் முதலில் பார்த்தேன், அவன் கை மெல்ல விரிந்து கல் கீழே விழும்வரை பார்த்தேன். உன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து நோவெடுத்தது. திரும்பினால் அவர்கள் என் கையை விட்டுப் போய்விடுவார்கள். சுவாமி உனக்குப் பந்தைக் கொடுத்த சத்தம் கேட்டது. நீ பந்தை இரண்டு தரம் நிலத்தில் தட்டினாய். பிறகு ஒரு சத்தமும் இல்லை. என் முன்னால் நின்ற அத்தனை பேரின் முகமும் ஒரேயடியாகச் சுருங்கியது. உன் முதல் பந்து விழுந்ததை நான் அந்த முகங்களில்தான் பார்த்தேன்.

இனி இரண்டு பக்கமும் சமம். இரண்டாவது பந்துக்கு முன்னால் எனக்குள் நடந்ததை இதுவரை காக்காவுக்கும் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஆட்டம் கையை விட்டுப் போகாமல் இருக்கத்தான் சனத்தை அடக்கினேன் என்று எல்லோருக்கும் சொன்னேன், அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில், கையை உயர்த்தினபடி, அந்தப் பந்து விழ வேண்டும் அம்மாளே என்று நான் மனத்துக்குள் கெஞ்சினேன். அத்தனை வருஷம் அந்த வாங்கில் கத்தினவன் எதிராளியின் பந்துக்காக நேர்ந்துகொண்டேன். பந்து தட்டுகிற சத்தம் நின்றது. முகங்கள் எல்லாம் மேலே பார்த்தன. அப்போது பெண்கள் இருந்த வாங்கில் இருந்து ஒற்றைக் குரலில் குரவை எழும்பியது. கோயிலிலும் கலியாண வீட்டிலும் கூட்டத்தோடு கேட்ட குரவையை அன்றைக்குத் தனியாகக் கேட்டேன். யாருடையது என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. கொம்பு நாட்களில் எனக்கு எதிராக எழும்பின குரல் அது, எனக்கு நன்றாகத் தெரியும். ஊர் முழுக்கத் திரும்பி முறைத்தும் உன் அம்மா மூச்சு முடியும்வரை நிறுத்தவில்லை.

கையை இறக்கிவிட்டுத் திரும்பியபோது நீ அங்கே இல்லை. உன் கூட்டாளிகள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அம்மாவிடம் தயிர்ப்பானையை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயிலில் உன் பெட்டியைக் கண்டுபிடித்தேன். நீ யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தாய். கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மூன்று மைல் கேட்கிற தொண்டை என்று ஊர் பகிடி பண்ணுகிற என் தொண்டையில் இருந்து அன்றைக்குக் காற்றுத்தான் வந்தது. பாட்டுக்காக என்னோடு கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மெயில் போகும்வரை பானையோடு நின்றேன். அந்தத் தயிரைக் காக்காவின் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்துக்குப் போனபோது வாங்கில் ஒருவரும் எனக்கு இடம் விடவில்லை. "மகனுக்காக ஊர்ர வாயை அடைச்ச ஆள் வாறார்" என்று ஒருவன் எனக்குக் கேட்கச் சொன்னான். காக்கா பக்கத்தில் விரித்திருந்த தன் சால்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இஞ்சால இரிங்க போடியார், இது ஒங்கட இடம்" என்றார். இருந்தேன். இப்போதும் எல்லா ஆட்டத்துக்கும் போகிறேன். பார்க்கிறேன், பாடுவதில்லை.

உனக்கு முதுகைக் காட்டுகிறவன் யாரைப் பார்த்து நிற்கிறான் என்று ஒருதரம் கேட்டுப் பார்த்துவிட்டு மறுகா கோபித்துக்கொள். பெண்சாதியிடமும் அப்படித்தான், மாமன் மாமியிடமும் அப்படித்தான். நான் உன்னிடம் கேட்டிருக்கலாம், நீ என்னிடம் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் தென்சேரி, இரண்டு பேருக்கும் வாய் இருந்தும் மூன்று வருஷம் போய்விட்டது.

தோணி விஷயத்துக்கு வருகிறேன். அம்மானுக்கு நான் சொல்லிவிட்டேன், அவனுக்கு ஆசையென்றால் பின்னால் நின்று துடுப்பைப் போடட்டும். முனைப் பலகை என்னுடையது, அதை நான் விடமாட்டேன். ஆனால் அதில் வழக்கப்படி இருந்தால் வாவி முழுக்க உனக்கு என் முதுகுதான் தெரியும். அது ஒருதரம் போதும். கிழவனுக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று இரண்டு கரையும் சிரிக்கட்டும், நான் பெண் வீட்டுக்கு முதுகைக் காட்டி, உன்னைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். கரை எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியாது. களுதாவளைப் பெண்கள் குரவை போடுவார்கள், நான் திரும்பமாட்டேன். வந்துவிட்டோம் என்பதை உன் முகத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா